பிளம்ஸ் பழத்துச் சாராயமும் ருமேனிய வீட்டு வாசலும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வெளியான ருமேனியப் பயணக் கட்டுரையில், கிராமத்து வீடொன்றில் விருந்தாளிக்கு முதலில் நீட்டப்பட்டது காபி அல்ல, வீட்டில் வடித்த ‘ட்சுய்க்கா’ என்னும் பிளம்ஸ் சாராயம் என்று ஒரு வரி வந்திருந்தது. அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் வந்த கடிதங்களிலிருந்து தேர்ந்தெடுத்த கேள்விகளுக்கு இம்முறை பதில் அளிக்கிறோம்.

ட்சுய்க்கா, பலிங்கா, ஹொரிங்கா என்று மூன்று பெயர்களைப் பார்க்கிறேன். மூன்றும் ஒன்றுதானா?
– ஆர். எம்., தஞ்சாவூர்

மூன்றும் பழத்தை அப்படியே புளிக்கவைத்து வடிக்கும் சாராயங்கள்தாம். ஆனால் ஊரும் காட்டமும் வேறு. கார்பாத்திய மலைத்தொடர் ருமேனியாவைக் குறுக்காக வளைத்துக்கொண்டு செல்கிறது. அந்த மலைக்குத் தெற்கே, முந்தேனியா, ஒல்தேனியா பகுதிகளில், பெரும்பாலும் ஒரே முறை வடித்து, மென்மையாகக் குடிப்பது வழக்கம், அதுதான் ட்சுய்க்கா. வடக்கிலும் மேற்கிலும், திரான்சில்வேனியா பக்கத்தில், வடித்ததை மீண்டும் கொப்பரையில் ஊற்றி இரண்டாம் முறை வடிக்கிறார்கள். 50 சதவீதமும் அதற்கு மேலும் ஆல்கஹால் கொண்ட அந்தச் சரக்கு பலிங்கா. மாராமுரேஷ் மாவட்டத்துக்காரர் அதையே ஹொரிங்கா என்பார். அதைப் பலிங்கா என்று நீங்கள் சொன்னால் பொறுமையாகத் திருத்துவார்.

சட்டம் இன்னொரு வேறுபாட்டையும் சேர்த்திருக்கிறது. ட்சுய்க்கா என்ற பெயரில் விற்க வேண்டுமானால் அது பிளம்ஸ் பழத்திலிருந்து மட்டுமே வந்திருக்க வேண்டும். பலிங்காவை ஆப்பிள், பேரி, ஆப்ரிகாட் போன்ற பழங்களிலிருந்தும் வடிக்கலாம். ருமேனியாவின் பலிங்கா, அர்ஜேஷ் மாவட்டத்து ட்சுய்க்கா, கமர்ஸானா கிராமத்து ஹொரிங்கா ஆகியவை ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்றவை. அண்டை நாடான ஹங்கேரிக்கும் ஏறக்குறைய பலிங்கா என்ற பெயரிலேயே ஒரு பானம் இருப்பதும், அதுவும் தனியே குறியீடு பெற்றிருப்பதும், எல்லையோரக் கிராமங்களில் ஓயாத வாக்குவாதத்துக்கு இடம் தருகின்றன. செர்பியாவின் பிளம்ஸ் சாராயமான ஷ்லிவோவிட்சா தொடர்பான வழக்கங்களை 2022-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே இது ஒரு நாட்டின் தனிச்சொத்து அல்ல. பிளம்ஸ் விளையும் கிழக்கு ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான கலை என்று கொள்வதே நியாயம்.

எங்கள் மலையிலும் பிளம்ஸ் விளைகிறது. அதே பழத்திலா அவர்கள் வடிக்கிறார்கள்? எப்படி வடிக்கிறார்கள் என்று விளக்க முடியுமா?
– க. ச., கொடைக்கானல்

பழம் அதே குடும்பம், இனம் வேறு. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் பெரும்பாலும் பயிராவது ஜப்பானியப் பிளம்ஸ் வகை. சாறு மிகுதி, புளிப்பும் மிகுதி. ருமேனியாவில் விளைவது ஐரோப்பியப் பிளம்ஸ்: நீள்உருண்டை வடிவம், கருநீலத் தோல், அதன் மேல் விரலால் தொட்டால் கலையும் வெண்படலம், கெட்டியான சதை, நிறைந்த சர்க்கரை. சாராயத்துக்குச் சர்க்கரைதான் மூலதனம் என்பதால் இந்த வேறுபாடு சிறிய விஷயம் அல்ல. உங்கள் கடிதத்தில் தொனிக்கும் ஆர்வத்தை முன்னிட்டு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: தமிழ்நாட்டில் வீட்டில் சாராயம் வடிப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இனி வருவது அறிவதற்காக மட்டுமே.

பழத்தை அவசரப்பட்டுப் பறிப்பதில்லை. செப்டம்பரில் தொடங்கி, காம்பைச் சுற்றித் தோல் சுருங்கும்வரை மரத்திலேயே விட்டு, பிறகு கிளையை உலுக்கி, புல்லில் விழுந்ததைப் பொறுக்குகிறார்கள். குனிந்து பொறுக்கும் இந்த வேலைக்கு நகரத்திலிருந்து பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்துவிடுவது வழக்கம். வராதவருக்குக் குளிர்காலத்தில் பாட்டில் போகாது என்று பாதி விளையாட்டாகச் சொல்வார்கள். இலை, காம்பு, அழுகல் ஆகியவற்றை நீக்கி, பழத்தை மரப் பீப்பாயில் முக்கால் அளவுக்கு நிரப்புகிறார்கள். கால் பங்கு காலியாக விடுவது, ஊறல் பொங்கும்போது வெளியே வழியாமல் இருப்பதற்காக. நல்ல வீட்டில் சர்க்கரையும் போடுவதில்லை, கடையில் வாங்கிய ஈஸ்ட்டும் போடுவதில்லை. பழத்தோலில் தானாகவே ஒட்டியிருக்கும் ஈஸ்ட் போதும். சர்க்கரை கரைத்துச் சரக்கைப் பெருக்குபவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி ஊரில் பேச்சு இருக்கும்.

ஊறல் நுரைத்துப் பொங்கும்போது தோலும் சதையும் மேலே எழும்பித் தடித்த மூடிபோல் நிற்கும். ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து அந்த மூடி தானாகவே உடைந்து கீழே இறங்கும். சீறும் ஓசையும் அடங்கும். அப்போது அடுப்பு மூட்ட வேண்டும். காலம் தாழ்த்தினால் ஊறல் காடியாகப் புளித்துவிடும்.

வடிகலத்தைக் ‘கஸான்’ என்கிறார்கள். செம்பால் ஆனது, எல்லா வீட்டிலும் இருக்காது. ஊரில் ஒருவரிடம் இருக்கும். மற்றவர்கள் முறை போட்டுக்கொண்டு, பீப்பாயை வண்டியில் ஏற்றிவந்து வடித்துச் செல்வார்கள். கூலியைப் பணமாகவோ, வடித்ததில் ஒரு பங்காகவோ கொடுப்பார்கள். பிளம்ஸ் ஊறல் கஞ்சிபோலக் கெட்டியாக இருப்பதால் அடிப்பிடிக்கும் அபாயம் எப்போதும் உண்டு. கொதி வரும்வரை நீண்ட துடுப்பால் கிண்டிக்கொண்டே இருந்து, பிறகுதான் மேல்மூடியைப் பொருத்துகிறார்கள். மூடியும் கொப்பரையும் சேரும் இடத்தில் ஆவி கசியாமல் மாவைப் பிசைந்து அப்புகிறார்கள். அந்த மாவு சூட்டில் வெந்து காய்ந்து இறுகிவிடும், எங்காவது வெடித்தால் இன்னொரு கவளம் மாவை அதன்மேல் அழுத்திவிடுவார்கள். ஆவி செப்புக் குழாய் வழியே குளிர்ந்த நீர் நிரம்பிய தொட்டிக்குள் சென்று, குளிர்ந்து, மறுமுனையில் நூல்போல ஒழுகுகிறது. நூல்போல ஒழுக வேண்டும் என்பதுதான் முக்கியம். விறகைக் கூட்டி வைத்துத் தாரையாக ஒழுகவிட்டால் வேலை விரைவில் முடியும். சாராயத்தில் கருகல் நாற்றம் ஏறும்.

முதலில் வரும் சிறு பகுதிக்கு ‘நெற்றி’ என்றும், கடைசியில் வரும் நீர்த்த பகுதிக்கு ‘வால்’ என்றும் அவர்கள் மொழியில் பெயர். நெற்றியை யாரும் குடிப்பதில்லை. அதைத் தனியே பிடித்துவைத்து, மூட்டுவலிக்கும் சளிக்கும் தேய்க்கப் பயன்படுத்துகிறார்கள். வாலை அடுத்த கொப்பரையில் கலந்துவிடுவார்கள். நடுப்பகுதிதான் வீட்டுக்குப் போகும் சரக்கு. 50 சதவீதக் காட்டமுள்ள ஒரு லிட்டருக்குச் சுமார் 8 முதல் 10 கிலோ பழம் செலவாகும் என்று கணக்கிட்டால், அவர்கள் அதை ஏன் இவ்வளவு சிறிய குப்பியில் ஊற்றுகிறார்கள் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

அளவுமானி இல்லாமல் காட்டத்தை எப்படி அறிகிறார்கள்?
– வி. ஜெ., ஈரோடு

இப்போது பெரும்பாலான கஸான்காரர்களிடம் ஆல்கஹால்மானி இருக்கிறது. இருந்தாலும் பழைய சோதனையைச் செய்யாமல் யாரும் விடுவதில்லை. பாட்டிலைப் பாதி நிரப்பி, ஒருமுறை பலமாகக் குலுக்கி நிறுத்துகிறார்கள். விளிம்பை ஒட்டி வட்டமாகக் குமிழிகள் கோத்து நிற்கும். அவற்றை ‘மணிகள்’ என்கிறார்கள். காட்டம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் மணிகள் சீராக நின்று நிதானமாக மறையும்; நீர்த்த சரக்கானால் கண் இமைப்பதற்குள் உடைந்துவிடும். சந்தையில் வாங்குபவர் குடித்துப் பார்ப்பதற்கு முன் குலுக்கித்தான் பார்ப்பார். பாட்டிலில் எதையாவது கலந்து மணியை நிற்கவைக்கும் தந்திரமும் உண்டு என்பதால், நாவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

2024-இல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு நாடு முழுவதும் வீட்டில் வடித்துக் குடிக்கிறது, அங்கே ஏன் அப்படி நடப்பதில்லை? அவர்கள் சாராயத்தில் மெத்தனால் இல்லையா?
– டாக்டர் அல்லாத ஒரு சுகாதாரப் பணியாளர், விழுப்புரம்

இருக்கிறது. மெத்தனால் என்பது குடித்தால் நஞ்சாகும் ஒருவகை ஆல்கஹால். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

பழத்தின் சதையைக் கெட்டியாக வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள், ஊறலில் நொதிகளால் சிதையும்போது சிறிதளவு மெத்தனால் உண்டாகிறது. பிளம்ஸில் பெக்டின் மிகுதி. எனவே தானியச் சாராயத்தைவிடப் பழச்சாராயத்தில் மெத்தனால் கூடுதலாகவே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் பிளம்ஸ் சாராயத்துக்கு விதித்த உச்ச வரம்பு, 100 லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 1,200 கிராம் மெத்தனால். அந்த உச்ச வரம்பையே தொட்டிருக்கும் 50 சதவீதச் சாராயத்தில், 50 மில்லி கொண்ட ஒரு குப்பியில் இருப்பது 0.3 கிராம் மெத்தனால். அதனுடன் ஏறக்குறைய 20 கிராம் எத்தனாலும், அதாவது மதுவில் வழக்கமாக இருக்கும் ஆல்கஹாலும், இருக்கிறது. பார்வையைப் பறிக்கச் சுமார் 10 மில்லி மெத்தனால் போதும் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. அது ஏறத்தாழ 8 கிராம். 0.3 எங்கே, 8 எங்கே என்று பாருங்கள்.

உடன் இருக்கும் எத்தனாலுக்கும் இதில் பங்கு உண்டு. மெத்தனால் நேரடியாகக் கொல்வதில்லை. ஈரலில் உள்ள ஒரு நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது, பிறகு அது ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பையும் உயிரையும் பதம் பார்க்கிறது. அதே நொதி எத்தனாலையும் மாற்றும்; இரண்டும் இருந்தால் எத்தனாலை விரும்பி எடுத்துக்கொள்ளும். மெத்தனால் நச்சுக்கு ஆளானவருக்கு மருத்துவமனையில், மருத்துவரின் கண்காணிப்பில், எத்தனாலையே மாற்று மருந்தாகச் செலுத்துவதற்கு அடிப்படை இதுதான். இதைக் கேட்டுக்கொண்டு வீட்டிலேயே எவரும் வைத்தியம் பார்க்க முனைய வேண்டாம். மருத்துவமனைக்குப் போகத் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் கண்ணைப் பறிக்கும்.

கள்ளக்குறிச்சியில் நடந்தது ஊறலில் நேர்ந்த பிழை அல்ல. தொழிற்சாலை மெத்தனால் சாராயமாக விற்கப்பட்டது. இந்த வகைக் குற்றத்துக்கு ஐரோப்பாவும் விலக்கு அல்ல: 2012 செப்டம்பரில் செக் குடியரசில் தொழிற்சாலை மெத்தனால் கலந்த போலி மது பலரைக் கொன்றது, 20 சதவீதத்துக்கு மேல் காட்டமுள்ள எல்லா மதுவின் விற்பனையையும் அந்த அரசு தற்காலிகமாகத் தடைசெய்ய நேர்ந்தது. ஊறலிலிருந்து நேர்மையாக வடித்ததற்கும், பீப்பாய்க் கணக்கில் வாங்கிக் கலந்து முகம் தெரியாதவருக்கு விற்றதற்கும் இடையே உள்ள வேறுபாடுதான் இங்கே உயிர் காக்கிறது. ருமேனியக் கிராமத்தான் தான் வடித்ததைத் தன் மருமகனுக்கு ஊற்றுகிறான். லாபத்துக்காகக் கலப்படம் செய்யும் தேவை அங்கே எழுவதில்லை.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே களைய வேண்டும். ‘நெற்றியைக் கொட்டிவிட்டால் மெத்தனால் முழுவதும் போய்விடும்’ என்று ருமேனியர்களே சொல்வார்கள். மெத்தனால் 64.7 பாகையில் கொதிக்கும், எத்தனால் 78.3 பாகையில் கொதிக்கும் என்பதால் அப்படித் தோன்றுகிறது. உண்மையில் நீரும் எத்தனாலும் மெத்தனாலும் கலந்திருக்கும்போது மெத்தனால் தொடக்கம் முதல் இறுதிவரை பரவலாக வந்துகொண்டே இருக்கும். நெற்றியோடு போவது பசை நாற்றமும் தலைவலியும் தரும் வேறு சில பொருள்கள். அவற்றுக்காக அதை நீக்குவது சரியே; அதனால் எல்லா நஞ்சும் நீங்கியதென்று நம்புவது சரியல்ல.

பிளம்ஸ் கொட்டையைப் பற்றியும் எச்சரிக்கை உண்டு. கொட்டைக்குள் இருக்கும் பருப்பு ட்சுய்க்காவுக்குப் பாதாம் போன்ற நறுமணம் தருகிறது. ஆனால் கொட்டைகளை உடைத்துப் போட்டால் சயனைடு சார்ந்த பொருள்கள் கூடி, காலப்போக்கில் எத்தில் கார்பமேட் என்ற தீய பொருளாக மாறும். கொட்டையை நசுக்காமல் ஊறலில் விடுவதும், சாராயத்தை வெயில் படாமல் வைப்பதும் இதனால்தான் நல்ல பழக்கங்கள்.

அப்படியானால் வரி, உரிமம் எதுவும் கிடையாதா?
– எஸ். பி., சென்னை

உண்டு. ருமேனியா 2007 ஜனவரி 1-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது இந்த விஷயம் கிராமங்களில் பெரிய கவலையாக இருந்தது. இறுதியில் அமைந்த ஏற்பாட்டின்படி, ஒரு குடும்பம் தன் சொந்தப் பயன்பாட்டுக்காக ஆண்டுக்கு 40 சதவீதக் காட்டத்தில் 50 லிட்டர்வரை வடித்துக்கொள்ளலாம். அதற்கு வழக்கமான கலால் வரியில் பாதி செலுத்த வேண்டும். வடிக்காத காலத்தில் கஸானுக்கு அதிகாரிகள் முத்திரை வைப்பார்கள். வடிக்கும் காலத்தில் மனுக் கொடுத்து முத்திரையை நீக்கிக்கொள்ள வேண்டும். எல்லாக் கொப்பரையும் இந்த ஒழுங்குக்குள் வந்துவிட்டதாக ருமேனியர்களே நம்புவதில்லை. அருகில் ஹங்கேரி தன் குடிமக்களுக்கு இந்த வரியை முழுமையாகவே தள்ளுபடி செய்து பார்த்தது. அது ஒன்றியத்தின் விதிக்கு முரணானது என்று 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எப்போது, எப்படிக் குடிக்கிறார்கள்? ஏதேனும் முறை உண்டா?
– மு. அ., மதுரை

முறை இருக்கிறது, கறாரான முறை. முதலாவது, இது சாப்பாட்டுக்கு முன் குடிப்பது. ஐரோப்பாவின் வேறு சில நாடுகளில் பழச்சாராயத்தை உணவுக்குப் பின் செரிமானத்துக்கு என்று குடிப்பார்கள். ருமேனியாவில் அதைப் பசியைத் திறப்பதற்கென்று முதலில் குடித்துவிட்டு, இலை போட்டதும் ஒயினுக்கு மாறிவிடுவார்கள். சாப்பிடும்போதும் ட்சுய்க்காவைத் தொடர்பவரைக் குறித்து வீட்டுப் பெண்கள் முகம் சுளிப்பார்கள்.

இரண்டாவது, வெறும் வயிற்றில் தனியாகக் குடிப்பதில்லை. பக்கத்தில் ஒரு மரப் பலகை வரும்: உப்பிட்டுப் புகையூட்டிய பன்றிக் கொழுப்பை மெல்லியதாக அரிந்தது, சிவப்பு வெங்காயம், உப்புக் கரைசலில் ஊறிய வெண்பாலாடைக்கட்டி, ரொட்டி. கொழுப்பின் மேல் மிளகாய்த்தூள் பூசியிருந்தால் நம் நாக்குக்கும் பழகியதுபோல் இருக்கும்.

மூன்றாவது, கலம். ‘ட்சொய்’ என்ற பழைய குப்பி, நீண்டு குறுகிய கழுத்துடன் ஒரு பொம்மைப் பாட்டில்போல இருக்கும். கழுத்து குறுகலாக இருப்பதால் வாயில் கவிழ்த்தாலும் மெல்லத்தான் இறங்கும். சாதாரண வீடுகளில் சிறு கண்ணாடிக் குவளைகள் போதும். பனிக்கட்டி, சோடா, தண்ணீர் எதுவும் சேர்க்கக் கூடாது. எல்லோருக்கும் ஊற்றி முடியும்வரை யாரும் எடுப்பதில்லை. பிறகு குவளையைத் தூக்கி, எதிரிலிருப்பவரின் கண்ணைப் பார்த்து ‘நொரோக்’ என்கிறார்கள். அதிர்ஷ்டம் உண்டாகட்டும் என்பது பொருள். ஒவ்வொருவரோடும் தனித்தனியே தட்டிக்கொள்ள வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் அவருக்கு மனவருத்தம் உண்டாகும்.

டிசம்பர் 20-இல் வரும் புனித இக்னாட் நாளில் கிறிஸ்துமஸுக்கான பன்றியை அறுப்பது கிராமத்து வழக்கம். விடியற்காலைக் குளிரில் வேலைக்கு வந்த பக்கத்து வீட்டாருக்கும் உறவினருக்கும் முதலில் ஒரு குவளை ட்சுய்க்கா. வேலை முடிந்ததும் அப்போதே பொரித்த இறைச்சி, சோளக்களி, மீண்டும் ட்சுய்க்கா. கூலி பேசுவதில்லை. அடுத்த வாரம் அவர் வீட்டில் இவர் போய் நிற்பார்.

என் கணிப்பில் இந்தப் பானத்தைப் புரிந்துகொள்ளத் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. வீட்டு ட்சுய்க்கா பெரும்பாலும் விலைக்குப் போவதில்லை. உதவிக்கு ஈடாக, வரவேற்புக்கு அடையாளமாக, மகன் நகரத்துக்குத் திரும்பும்போது பையில் வைக்கும் பொருளாகக் கைமாறுகிறது. அதன் கெட்ட முகமும் இதே இடத்தில்தான் இருக்கிறது: அலுவலகத்தில் காகிதம் நகரவும், மருத்துவமனையில் கவனிப்புக் கிடைக்கவும் பையில் இருந்து ஒரு பாட்டில் வெளிவரும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. அன்பளிப்புக்கும் லஞ்சத்துக்கும் ஒரே பாட்டில்.

கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூடவா?
– தி. ரா., நாகர்கோவில்

இரண்டுக்கும் உண்டு, ஆனால் குடிக்கும் விதம் வேறு.

கல்யாண அழைப்பை ஓர் இளைஞர் கூட்டம் வீடு வீடாகக் கொண்டுசெல்லும். கையில் ‘ப்ளோஸ்கா’ இருக்கும்: வட்டமாக, தட்டையாக, மரத்தில் கடைந்து வேலைப்பாடு செய்த தோள்வார் குடுவை. வீட்டுக்காரர் அதை வாங்கி ஒரு மிடறு குடித்தால் அழைப்பை ஏற்றுக்கொண்டார், வருவார் என்று பொருள். அச்சிட்ட பத்திரிகை வந்துவிட்டபோதும் சில ஊர்களில் ப்ளோஸ்காவும் கூடவே போகிறது. முந்தேனியா, ஒல்தேனியா பகுதிகளில் இன்னொரு வழக்கமும் இருந்தது: முதலிரவுக்கு மறுநாள், மணமகள் கன்னித்தன்மையோடு வந்தாள் என்று அறிவிக்கும் விதமாக, சிவப்பு நிறமூட்டி இனிப்பாக்கிய சாராயத்தைப் பெண்ணின் தாய்வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்தப் பாட்டில் வராத வீட்டில் அன்று என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், இவ்வழக்கம் இன்று ஏறக்குறைய வேடிக்கைச் சடங்காகச் சுருங்கிவிட்டதில் வருந்த ஒன்றுமில்லை.

சாவு வீட்டில் குவளையைத் தட்டக் கூடாது. ‘நொரோக்’ என்றும் சொல்லக் கூடாது. கையில் குவளையை வாங்கியதும் முதலில் சில துளிகளைத் தரையில் சிந்தவேண்டும். அது இறந்தவரின் பங்கு. பிறகு ‘கடவுள் அவரை மன்னிக்கட்டும்’ என்று சொல்லிக் குடிக்க வேண்டும். கொடுப்பவருக்கு வழக்கமான நன்றிச் சொல் கூடாது. இறந்தவர் பேரால் தரும் தானத்தைப் பெறும்போது மட்டும் சொல்லும் ‘பொக்தாப்ரோஸ்தே’ என்ற சொல்லைத்தான் சொல்ல வேண்டும். புதிதாகப் போகும் வெளிநாட்டார் பழக்கதோஷத்தில் குவளையை நீட்டித் தட்டப் போய், சுற்றியிருப்பவர்கள் கையை மெதுவாகக் கீழே இறக்குவது அங்கே சாதாரணமாகக் காணக்கூடிய காட்சி.

‘கொதிக்கவைத்த ட்சுய்க்கா’ என்று ஒரு பட்டியலில் கண்டேன். சாராயத்தைக் கொதிக்கவைத்தால் ஆவியாகிவிடாதா?
– பா. லெ., கோயம்புத்தூர்

முழுக்கக் கொதிக்கவைப்பதில்லை; கொதி தலைகாட்டும்போதே இறக்கிவிடுவார்கள். ஒரே முறை வடித்த மென்மையான சரக்கில் சர்க்கரையோ தேனோ சேர்த்து, முழு மிளகு சில போட்டுச் சூடாக்கி, மண் குவளையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். பலிங்காவை இதற்குப் பயன்படுத்துவது வீண். பனிக்காலச் சந்தைகளில் தெருவில் நின்றே குடிப்பார்கள். சூட்டோடு ஆவி மூக்கில் ஏறுவதால் போதை விரைவில் தெரியும். இனிப்பு அதை மறைக்கும். எச்சரிக்கையாக இருக்க வேண்டிய வகை இதுவே.

பாட்டிலுக்குள் முழுப் பேரிக்காய் இருக்கும் படம் பார்த்தேன். எப்படி உள்ளே போனது? சில சாராயம் மஞ்சளாக இருப்பது ஏன்?
– பள்ளி மாணவனின் தந்தை, சேலம்

பேரிப் பிஞ்சு சிறியதாக இருக்கும்போதே கிளையோடு பாட்டில் கழுத்துக்குள் நுழைத்து, பாட்டிலை மரத்தில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். காய் உள்ளேயே பெருத்துப் பழுத்தபின் காம்பை அறுத்து, கழுவி, சாராயத்தை ஊற்றுகிறார்கள். பழம் எப்போதும் மூழ்கியிருக்க வேண்டும். மேலே தலை நீட்டினால் கறுத்துவிடும். பேரி ட்சுய்க்காவுக்குப் பெரிய சுவையைத் தருவதில்லை, அழகுக்குத்தான். மஞ்சள் நிறம் மரத்திலிருந்து வருகிறது. வடித்தவுடன் எல்லாம் தண்ணீர்போல நிறமற்றுத்தான் இருக்கும். முசுக்கட்டை மரப் பீப்பாயில் வைத்தால் விரைவில் பொன்மஞ்சளாகும், ஓக் மரத்தில் மெதுவாக நிறம் ஏறும்.

நான் குடிப்பதில்லை. கட்டட வேலைக்கு ருமேனியா செல்ல விசா வந்திருக்கிறது. அவர்கள் நீட்டினால் மறுப்பது அவமரியாதை ஆகுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், புதுக்கோட்டை

ஆகாது, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுத்தால் ஆகும். நெஞ்சில் கை வைத்து, ‘மருந்து சாப்பிடுகிறேன்’ என்றோ ‘என் மதத்தில் இல்லை’ என்றோ ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் வற்புறுத்தல் இரண்டாம் சுற்றோடு நின்றுவிடும். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் பலர் நோன்புக் காலங்களில் தாங்களே சாராயத்தைத் தொடுவதில்லை என்பதால், ‘நோன்பு’ என்ற காரணம் அவர்களுக்கு எளிதில் விளங்கும். குவளையை வாங்கி, உயர்த்தி, ‘நொரோக்’ சொல்லி, உதட்டில் படாமலேயே கீழே வைத்தாலும் பெரும்பாலான வீடுகளில் பொருட்படுத்த மாட்டார்கள். காலியான குவளை மீண்டும் நிரப்பப்படும் என்ற விதியை மட்டும் நினைவில் வையுங்கள். நிறைந்த குவளைதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

கட்டட வேலையில் சாரத்தின் மீது ஏற வேண்டிய நாளில் எவர் தந்தாலும் தொடாதீர்கள். வண்டி ஓட்டுவதாக இருந்தால் மறுப்பதற்கு மிக வலுவான காரணம் சட்டமே தருகிறது: ருமேனியாவில் ஓட்டுநரின் இரத்தத்தில் ஆல்கஹால் துளியும் இருக்கக் கூடாது, லிட்டருக்கு 0.8 கிராமைத் தாண்டினால் அபராதத்தோடு நிற்காது, குற்ற வழக்கு. ‘நான் ஓட்ட வேண்டும்’ என்றால் எந்த ருமேனியரும் மேலே பேச மாட்டார்.

இவ்வளவு அழகாக எழுதுகிறீர்கள். குடியால் அந்த நாடு கெடவில்லையா?
– ஓர் இல்லத்தரசி, திருநெல்வேலி

கெட்டிருக்கிறது, அம்மா. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், 2019-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 15 வயதுக்கு மேற்பட்டோரின் தலைக்கு ஏறத்தாழ 17 லிட்டர் தூய ஆல்கஹால் என்று உலகிலேயே முதலிடத்தில் ருமேனியா வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் வடிப்பது எந்தக் கடைக் கணக்கிலும் வராததால், அதை மதிப்பிட்டுத்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. மேலே எழுதிய முறைகள் எல்லாம் வீட்டு விருந்துக்கு அளவு வைப்பவை; தனியாக இருப்பவரின் அலமாரியில் இருக்கும் ஐந்து லிட்டர் ஜாடிக்கு அவை அளவு வைப்பதில்லை. பிள்ளைகள் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் வேலைக்குப் போய்விட்ட கிராமங்களில், பழத்தோட்டமும் கஸானும் முதியவர்களிடம் தங்கிவிட்டன. விருந்தாளி வராத வீட்டிலும் ஊறல் ஆண்டுதோறும் பொங்கத்தான் செய்கிறது.

என் மகன் க்ளூஜ் நகரில் மருத்துவம் படிக்கிறான். அவன் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் கொடுத்த இரண்டு பாட்டிலை விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரலாமா?
– ஜெ. கே., திருச்சி

கொண்டுவருவதில் மூன்று தடைகள் உண்டு. இந்தியாவுக்குள் வரும் பயணி ஒருவர் தீர்வையின்றி 2 லிட்டர்வரை மது கொண்டுவரலாம் என்பது சுங்க விதி, அதற்குள் அடங்கும். ஆனால் விமானத்தில், 24 முதல் 70 சதவீதம்வரை காட்டமுள்ள மதுவைக் கடையில் விற்கும் மூடிய பாட்டிலில்தான் அனுமதிப்பார்கள். மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி, முகப்புச் சீட்டு எதுவும் இல்லாமல் தரும் வீட்டுச் சரக்கு அந்த வரையறைக்குள் வராது. 70 சதவீதத்தைத் தாண்டியது எவ்வகையிலும் கூடாது. இரண்டு முறை வடித்த சரக்கை அளக்காமல் அந்த எல்லைக்குக் கீழ் என்று உறுதி கூற வீட்டுக்காரராலும் முடியாது. மேலும், மாணவருக்கு வயது குறைவாக இருந்தால் தமிழ்நாட்டுச் சட்டப்படி மதுவை வைத்திருப்பதே சிக்கல். ஆகவே வீட்டுக்காரர் கொடுத்ததை அங்கேயே அவரோடு இருந்து முடித்துக்கொண்டு, உங்களுக்கு வேண்டுமானால் விமான நிலையக் கடையில் புவிசார் குறியீடு அச்சிட்ட பாட்டில் ஒன்றை ரசீதோடு வாங்கிவரச் சொல்லுங்கள். சுவையில் அது வீட்டுச் சரக்குக்கு ஈடாகாது என்று மகன் சொல்வான். அதில் அவன் சொல்வது சரியாகவே இருக்கும்.